மூன்றாவது வரியைக் கேட்டு வாங்குங்கள்
(போடிநாயக்கனூர் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

முனைவர் பட்டத்துக்குப் பதியலாமா என்று நம்மில் நான்கைந்து பேர் கேட்டதால் என்னைப் பேசச் சொன்னார்கள். பகுதிநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவன் நான். அறிவுரை சொல்ல வரவில்லை, பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

சேர்ந்ததும் நேரே ஆய்வேடு எழுதலாம் என்ற காலம் 2009 விதிகளோடு போய்விட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிப்படி கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு, வெளியீட்டு நெறிமுறைத் தாள் எல்லாருக்கும் கட்டாயம். 55 விழுக்காடு எடுத்தால்தான் மேலே போக முடியும்.

என் தலைப்பு ஏலக்காய் விலை. போடி ஏல மையத்தில் திரையில் ஏறும் விலை, மலையில் ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? கைபேசியிலா, வியாபாரி சொல்லியா, ஜீப் ஓட்டுநர் சொல்லியா? யார் சொன்னால் நம்புகிறார் என்பது தகவல் தொடர்பியல். அந்த விலை விவரம் எந்த வடிவில் சேமிக்கப்படுகிறது, தேடினால் கிடைக்கிறதா என்பது தகவல் அறிவியல். ஹவாய் பல்கலைக்கழகத்தில் இவ்விரண்டையும் கணினி அறிவியலோடு சேர்த்து ஒரே முனைவர் படிப்பாகவே வைத்திருக்கிறார்கள். எனக்கு வாய்த்தது தனித்தனித் துறைகள். எந்தத் தாளை எந்தத் துறையில் படிப்பது என்பதை முதல் மாதமே நெறியாளரிடம் பேசி, எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நான் தமிழாசிரியர். புள்ளியியல் கலந்த ஆய்வு முறையியல் தாளில் முதல் தடவை 51தான் வந்தது. வெட்கமாக இருந்தது. எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, "திட்ட விலக்கம் இதுலயே இருக்கு சார், பயப்படாதீங்க" என்றார். இருபது நாள் மதிய இடைவேளையில் அவர் பலகையில் எழுத, நான் பெஞ்சில் உட்கார்ந்து போட்டேன். பிள்ளைகள் சன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மறுதேர்வில் 63.

இனி முக்கியமானது, தடையின்மைச் சான்று. பகுதிநேரமாகச் சேர்பவரின் சான்றில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. படிக்க அனுமதி உண்டு; ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்கப் பணி இடம்தரும்; தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் முடிக்கப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார். நான் முதலில் வாங்கியதில் மூன்றாவது வரி இல்லை. நானும் படித்துப் பார்க்கவில்லை. வகுப்பு நாளும் பள்ளி வேலை நாளும் மோதி, தற்செயல் விடுப்பு முழுவதும் ஜூலைக்குள் தீர்ந்தது. திருத்திய சான்று கைக்கு வர அடுத்த ஆண்டாகிவிட்டது.

அதன் நகல் என் பையில் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் வந்து பாருங்கள்.