பிள்ளையின் இதயமும் ஊரின் அடுப்பும்



மாரடைப்பு என்றதும் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். ஆனால் அது நோய் வெளியே தெரியவரும் வயது. அது உள்ளே தொடங்கும் வயது வேறு. கொரியப் போரில் உயிரிழந்த அமெரிக்க வீரர்கள் 300 பேரின் இதயங்களை மருத்துவர்கள் உடற்கூறு செய்து பார்த்து, கண்டதை 1953-ல் வெளியிட்டார்கள். அந்த வீரர்களின் சராசரி வயது 22. அவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் ஏற்கெனவே கொழுப்பு படிந்து பழுதாகத் தொடங்கியிருந்தன.

அப்படியானால் கொழுப்பு படிய ஆரம்பித்தது எந்த வயதில்? அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பொகலூசா என்று ஒரு சிற்றூர். அங்கே பிறந்த மருத்துவர் ஜெரால்ட் பெரன்சன், 1973 முதல் அந்த ஊர்ப் பிள்ளைகளின் எடை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்துவந்தார். பெரும்பாலும் விபத்துகளில் இளம் வயதில் இறந்துபோனவர்களின் உடல்களையும் அவருடைய குழு ஆராய்ந்தது. பள்ளிப் பருவத்திலேயே குழாய்ச் சுவர்களில் கொழுப்புக் கீற்றுகள் தெரிந்தன. எடை, அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவை ஒருவரிடம் எத்தனை கூடச் சேர்ந்திருந்தனவோ, அத்தனை கூடப் படிவும் இருந்தது.

நமக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது என்றும், பிற நாட்டவருக்கு வருவதைவிட இது ஏறத்தாழ ஆறு ஆண்டு முந்தியது என்றும் பல நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. நோய் முந்தி வருகிறது என்றால் காப்பும் முந்தித் தொடங்க வேண்டும் அல்லவா?

இங்கேதான் நாம் வழக்கமாக ஒன்றைச் செய்கிறோம். பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சிப்ஸ் தின்னாதே, ஓடி விளையாடு என்று புத்தி சொல்கிறோம். சொல்லிவிட்டு, சிப்ஸ் தொங்கும் கடை வழியாகவே பள்ளிக்கு அனுப்புகிறோம். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடுகிறோம். சூழல் இப்படி இருக்கையில், அத்தனையையும் எதிர்த்து நிற்கும் பொறுப்பைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் வைப்பது நியாயமே இல்லை.

ஊரையே மாற்றிப் பார்த்த ஒரு மாகாணம் உண்டு. பின்லாந்தின் கிழக்கு எல்லையில் உள்ள வட கரேலியா. காடும் ஏரியும் கறவை மாடும் நிறைந்த இடம். மரம் வெட்டியும் நிலத்தில் உழைத்தும் உரமேறிய ஆண்கள். ஆனாலும் உலகிலேயே இதயநோயால் அதிகம் இறந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். ரொட்டி மேல் கனமாக வெண்ணெய், ஆடை நீக்காத பால், உப்பில் ஊறிய இறைச்சி, ஓயாத சிகரெட். உழைப்பு மட்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை. 1971-ல் அந்த மாகாணத்தின் பிரதிநிதிகளே அரசிடம் மனுக் கொடுத்தார்கள். மறு ஆண்டு பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் வேலை தொடங்கியது.

அவர் மருத்துவமனைக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. ஊர் ஊராகக் கிளைகள் வைத்திருந்த மார்த்தா என்ற மாதர் சங்கத்தின் உதவியை நாடினார். அந்தப் பெண்கள் கிராமத்துக் கூடங்களில் விருந்து வைத்தார்கள். பழகிய உணவையே வெண்ணெயும் உப்பும் குறைத்து, காய்கறி கூட்டிச் சமைத்து, ஊராரை உட்காரவைத்துப் பரிமாறினார்கள். உள்ளூர்த் தொத்திறைச்சி ஆலையில் கொழுப்பில் ஒரு பங்கைக் குறைத்துக் காளான் சேர்த்தார்கள். பால் பண்ணை வைத்திருந்தவர்கள் பிழைப்பை இழக்கக் கூடாது என்று, அந்தக் குளிர் மண்ணில் விளையும் பெர்ரிப் பழங்களின் பக்கம் அவர்களைத் திருப்ப உதவினார்கள். நாற்பது ஆண்டுகளில், வேலை செய்யும் வயதிலுள்ள ஆண்களிடையே இதயநோய் மரணம் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்தது.

பிள்ளைகளுக்காக அவர்கள் 1978-ல் தொடங்கிய இளைஞர் திட்டம்தான் என் மனத்தை அதிகம் கவர்ந்தது. ஏழாம் வகுப்பு மாணவர்கள். அந்த வயதுப் பிள்ளையிடம், புகைத்தால் முப்பது வருஷம் கழித்து வரும் புற்றுநோயைச் சொன்னால் அது எட்டாது. அதனால் அவர்கள் மாணவர்களிலேயே சிலரைத் தலைவர்களாகப் பழக்கினார்கள். நண்பன் சிகரெட்டை நீட்டினால், நட்பும் கெடாமல் தன் மானமும் போகாமல் எப்படி மறுப்பது என்று வகுப்பிலேயே நடித்துப் பழகினார்கள். அந்த மாணவர்களை இளமைப் பருவம் வரை தொடர்ந்து பார்த்தபோது, மற்ற பள்ளிகளில் படித்தவர்களைவிட இவர்களில் புகைப்பவர்கள் குறைவாக இருந்தார்கள்.

நேயர்களே, மார்த்தா சங்கத்துப் பெண்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் மகளிர் சுய உதவிக் குழுக்கள்தான் கண்முன் வருகின்றன. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் காய்கறிச் சாம்பாரும் சமைத்துப் போடுவது இவர்கள்தாம். மதியம் சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் இருக்கிறார்கள். இத்தனை பிள்ளைகளின் நாக்கு எந்த அளவு உப்புக்குப் பழக வேண்டும் என்பது இவர்கள் கரண்டியில் இருக்கிறது. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டிதான் அது. பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு. உப்பை ஒரே நாளில் குறைத்தால் சாப்பாடு சப்பென்று இருக்கும், பிள்ளைகள் ஒதுக்கிவிடுவார்கள். வாரத்துக்கு ஒரு சிட்டிகையாகக் குறைத்துக்கொண்டு, கொத்தமல்லியும் சீரகமும் எலுமிச்சையும் கூட்டிவந்தால் நாக்குக்கு வேறுபாடு தெரியாது. கைப்பக்குவம் உள்ள சமையலருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சட்டமும் நம் பக்கம்தான். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்துவிட்டது. புகையிலைக்குத் தடை 100 கெஜம். இந்த விதிகளைச் செயல்படுத்தும்போது கடைக்காரரின் பிழைப்பையும் நினைக்க வேண்டும். வேர்க்கடலை, அவித்த சுண்டல், கொய்யா, வெள்ளரி என்று அவர் விற்க ஊர் துணைநின்றால், பெர்ரி விவசாயிக்குக் கிடைத்த உதவி இவருக்கும் கிடைத்ததாகும்.

ஓட்டத்துக்குப் பெரிய மைதானமும் வேண்டியதில்லை. ஐந்து வயது முதல் பதினேழு வரை நாளுக்கு சராசரி 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்க ஓடியாடினால் போதும். கிளித்தட்டு, நொண்டி, கோகோ, ஸ்கிப்பிங் எதுவானாலும் சரி. பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் விளையாட்டை நிறுத்திவிடும் வீடுகள் இன்னும் உண்டு. அவர்களுக்கும் இதே இதயம்தான், இதே 60 நிமிடம்தான்.

ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் போனால், விளையாட்டுப் பாடவேளை வாரத்தில் எத்தனை, அது உண்மையிலேயே நடக்கிறதா என்று கேளுங்கள். சமையல் செய்யும் அம்மாக்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். பள்ளி வாசலில் கடை வைத்திருப்பவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள்.