மாடு யார் பேரில் இருக்கிறது?

(வட்டாரக் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கறவை மாடு வளர்க்கும் உறுப்பினர்களுக்கான அமர்வில் பேசியது.)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. குழுக் கூட்டத்தில் தீர்மான நோட்டைப் படிப்பேன், அவ்வளவுதான். "அமெரிக்கா போயிட்டு வந்தியே, அங்க மாடு பாத்தத வந்து சொல்லு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. அதனால் வந்து நிற்கிறேன்.

முதலில் என் கதையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2008-ல் குழுக் கடனில் 30,000 ரூபாய் வாங்கி ஒரு ஜெர்சி கலப்பு மாடு பிடித்தேன். வேளைக்கு நாலு லிட்டர் கறந்தது. பதினோராவது மாசம் ஒரு நாள் நான் களை எடுக்கப் போயிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கட்டுத்தறி காலி. கைமாத்து வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கணும் என்று எங்க வீட்டுக்காரர் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். 18,000-க்கு விற்றேன் என்றார். 22,000-க்குப் போனதாகப் பிறகு தரகர் மூலமாகத்தான் தெரிந்தது. எது உண்மை என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. ஏன் தெரியாது? நம்ம சந்தையில் விலை எப்படிப் பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கைமேல துண்டைப் போட்டு, அதுக்கு அடியில விரலைப் பிடிச்சுப் பேசுவாங்க. பக்கத்தில் நிற்கிறவனுக்கே தெரியாது. வீட்டில் இருக்கிற பொம்பளைக்கு எங்கிருந்து தெரியும்?

மீதி 13 மாசத் தவணையையும் நான்தான் கூலிக்குப் போய்க் கட்டினேன். கடன் என் பேரில். மாடு யார் பேரில் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எங்க வீட்டுக்காரர் பின் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் இதைப் பேசுகிறேன்.

இப்போது அமெரிக்காவுக்கு வருகிறேன். 2019-ல் மகளுடைய பிரசவத்துக்குப் போனேன். மருமகனுக்கு ஐயோவா என்ற மாநிலத்தில் ஏம்ஸ் என்ற ஊரில் பல்கலைக்கழகத்தில் வேலை. கண்ணுக்கு எட்டிய தூரம் மக்காச்சோளமும் சோயாவும்தான். மனுஷரைவிடப் பன்றி அதிகமாக இருக்கிற மாநிலம். அங்கே மாவட்டத்தைக் கவுண்டி என்கிறார்கள். அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 99 கவுண்டி. கோடைக்காலத்தில் கவுண்டி கவுண்டியாகத் திருவிழா நடக்கும். ராட்டினம், தின்பண்டக் கடை எல்லாம் நம்ம மாரியம்மன் பண்டிகை மாதிரியே. ஆனால் அங்கே முக்கியமானது சாமி ஊர்வலம் இல்லை, பிள்ளைகள் வளர்த்த ஆடு, மாடு, பன்றி, கோழிப் போட்டி.

மகள்கூட வேலை செய்கிற அம்மாவுடைய மகள் ஒருத்தி, 14 வயசு, மாடு கொண்டு வருகிறாள் என்று கூப்பிட்டார்கள். குழந்தைக்கு ஒரு மாசம் முடிந்திருந்தது. போனோம்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. கறுப்பும் செவலையுமாக ஒவ்வொன்றும் 600 கிலோவுக்குக் கிட்ட இருக்கும் காயடித்த காளைகள். குளிப்பாட்டி, ஊதுகிற மிஷினால் முடியைக் காயவைத்து, சீப்பு போட்டு வாரிவிட்டுக்கொண்டிருந்தார்கள் சின்னச் சின்னப் பிள்ளைகள். மூக்கணாங்கயிறு கிடையாது. முகத்தில் மாட்டுகிற கயிறு மட்டும்தான். கையில் நீளமாக ஒரு குச்சி, முனையில் கொக்கி. அடிக்கிறதுக்குத்தான் என்று நினைத்தேன். இல்லை. மாட்டின் காலை நகர்த்தி நேராக நிறுத்தவும், வயிற்றுக்கு அடியில் சொறிந்துவிட்டு அமைதிப்படுத்தவும்தான் அந்தக் குச்சி.

போட்டி இரண்டு வகை. ஒன்றில் மாட்டைப் பார்ப்பார்கள்: சதை எப்படி, கொழுப்பு அளவாக இருக்கிறதா, கால் நடை சரியா என்று. இன்னொன்றில் பிள்ளையைப் பார்ப்பார்கள்: மாட்டை எப்படிப் பிடிக்கிறாள், முரண்டு பிடித்தால் என்ன செய்கிறாள், தன் மாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று. நடுவர் மைக்கைப் பிடித்து, இவளுக்கு ஏன் முதல் இடம், அவனுக்கு ஏன் மூன்றாம் இடம் என்று எல்லார் முன்னாடியும் காரணம் சொல்கிறார். நடுவர் கேட்டதையும் அந்தப் பெண் சொன்னதையும் மகள் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு நாளைக்கு என்ன தின்கிறது, எவ்வளவு எடை ஏறியது, என்ன ஊசி எப்போது போட்டது. எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னாள். அவள் அப்பா வேலிக்கு வெளியே கை கட்டி நின்றார். உள்ளே வரவே இல்லை.

இந்தப் பிள்ளைகளைச் சேர்க்கிற அமைப்புக்கு ஃபோர்-எச் என்று பேர். நாலு இலைச் சின்னம். தலை, இதயம், கை, ஆரோக்கியம் என்ற நாலு சொல்லும் இங்கிலீஷில் எச் எழுத்தில் தொடங்குகிறதாம். 1902 வாக்கில் பள்ளிப் பிள்ளைகளின் சின்னச் சங்கங்களாக ஆரம்பித்தது. அதில் எனக்குப் பிடித்தது தக்காளிக் கதை. 1910-ல் தென் கரோலினா மாநிலத்தில் மேரி குரோமர் என்ற பள்ளி டீச்சர், பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு தக்காளிச் சங்கம் ஆரம்பித்தார். ஆளுக்கு ஒரு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நம்ம கணக்கில் 10 சென்ட். அதில் தக்காளி போட்டு, டப்பாவில் அடைத்து விற்றுக் கையில் சொந்தக் காசு பார்த்தார்கள். ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி அனுப்புகிற நமக்கு இது புரியாதா? நம்ம தருமபுரியில் 1989-ல் மகளிர் குழு ஆரம்பித்தபோது நம்ம அம்மாக்கள் சிறுகச் சிறுகச் சேர்த்ததும் இதே ஆசையில்தானே.

அங்கேயும் பெண்களுக்கு எல்லாம் சும்மா கிடைத்துவிடவில்லை. பள்ளியில் விவசாயம் படிக்கிற பிள்ளைகளுக்காக எஃப்.எஃப்.ஏ. என்று இன்னொரு அமைப்பு 1928-ல் வந்தது. அதில் பெண் பிள்ளைகளை உறுப்பினராகச் சேர்த்தது 1969-ல்தான். நாற்பது வருஷத்துக்கு மேல் வாசலில் நிற்க வைத்திருக்கிறார்கள்.

போட்டி முடிந்து அந்தப் பெண் எனக்கு ஒரு நோட்டைக் காட்டினாள். கன்று வாங்கிய விலை, தீவனம், வைக்கோல், டாக்டர் செலவு எல்லாம் தேதி போட்டு அவள் கையெழுத்தில். கன்று வாங்க அவளே அரசாங்கத்தில் கடன் வாங்கியிருக்கிறாள். 10 வயசிலிருந்து 20 வயசு வரை உள்ள பிள்ளைகளுக்கு 5,000 டாலர் வரை அங்கே அப்படி ஒரு கடன் உண்டு. பத்திரத்தில் கையெழுத்து பிள்ளையுடையது. திருப்பிக் கட்ட வேண்டியதும் பிள்ளைதான். காளையும் அவள் பேரில்தான். காதில் வில்லை, அதில் நம்பர், அந்த நம்பருக்கு நேராக அவள் பேர். அப்பா நினைத்தாலும் நடுவில் விற்க முடியாது. விற்றால் அவளால் போட்டியில் நிற்க முடியாது.

நோட்டைப் பார்த்தபோது என் வயிற்றில் என்னமோ செய்தது. கடனும் அவள் பேரில், மாடும் அவள் பேரில், கணக்கும் அவள் கையில். 14 வயசுப் பிள்ளைக்கு. எனக்கு அப்போது 52.

ஊசி போட்ட பக்கத்தில் இன்னொரு தேதியும் எழுதியிருந்தாள். அந்தத் தேதிக்கு முன்னால் அந்த மாட்டைக் கறிக்கு அனுப்பக் கூடாதாம், மருந்து உடம்பில் இருக்குமாம். இது நமக்கும்தான். மடிநோய்க்கு ஊசி போட்டால் டாக்டர் சொல்கிற நாள் வரைக்கும் அந்தப் பாலைச் சங்கத்தில் ஊற்றக் கூடாது. எத்தனை பேர் எழுதி வைக்கிறோம்?

கடைசி நாள் ஏலம். அது கறிக்கு விற்கிற ஏலம்தான், ஒளிக்க வேண்டியதில்லை. ஏலம் போடுகிறவர் பாட்டு மாதிரி வேகமாக விலை சொல்கிறார். ஊர் பேங்க், தீவனக் கடை, டிராக்டர் கடைக்காரர்கள் கை தூக்குகிறார்கள். கடைசி விலை மைக்கில். அத்தனை பேர் காதிலும் விழுகிறது. துண்டு இல்லை, விரல் இல்லை.

அப்புறம் அவள் காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒன்பது மாசம் காலையும் மாலையும் தீவனம் வைத்த கை. எனக்கும் தாங்கவில்லை. "இவ்ளோ பாசம் இருக்கு, எப்படிம்மா அனுப்பறா?"ன்னு மகளைக் கேட்டேன். மகள் அதை அந்தப் பெண்ணிடம் கேட்டே விட்டாள். வாங்கும்போதே எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இருக்கிற வரைக்கும் நன்றாக வைத்துக்கொண்டேன் என்றாள்.

எனக்கு ஒத்துக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது. நாம மாட்டை லட்சுமி என்கிறோம். பொங்கலுக்குக் கொம்புக்கு வண்ணம் அடித்துக் கும்பிடுகிறோம். ஆனால் ராத்திரி படுத்து யோசித்தேன். கறவை வற்றிய மாட்டையும், பிறந்த காளைக் கன்றையும் நாம என்ன செய்கிறோம்? தரகர் வருகிறார், பிடித்துக்கொண்டு போகிறார். அடிமாட்டுக்குத்தான் போகிறது என்று தெரியும். தெரியாத மாதிரி வீட்டுக்குள்ளே போய்விடுகிறோம். அந்தப் பிள்ளை முகத்தைத் திருப்பவில்லை. அவள் செய்தது சரியா தப்பா என்று நான் சொல்ல வரவில்லை. அவள் கண்ணைத் திறந்துகொண்டு செய்தாள்.

எல்லாம் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். ஏலத்தில் கடைக்காரர்கள் கொடுப்பது சந்தை விலைக்கு மேலே. பிள்ளைகளை ஊக்கப்படுத்தக் கொடுப்பது. காசுள்ள வீட்டில் விலை உயர்ந்த கன்றாக வாங்கிக் கொடுத்துப் பரிசு அடிப்பதும் உண்டாம். அந்தப் பெண்ணே நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். வெறும் சந்தை விலைக்குப் போயிருந்தால் நஷ்டம் என்று எழுதியிருந்தாள். தன் நஷ்டத்தைத் தன் கையால் எழுதியிருந்தாள். அதுதான் எனக்குப் பெரிய பரிசாகத் தெரிந்தது. நாம பால் காசு வந்ததும் லாபம் என்று நினைக்கிறோம். தவிடு, புண்ணாக்கு, தீவனம், நம்ம உழைப்பு எதையாவது கழிக்கிறோமா?

ஊருக்குத் திரும்பியதும் எங்கள் குழுவில் மூன்று விஷயம் தீர்மானம் போட்டோம். ஒன்று, குழுக் கடனில் வாங்கும் மாட்டின் காது வில்லை, இன்சூரன்ஸ், பால் சங்க அட்டை மூன்றும் கடன் வாங்கிய பெண் பேரில் இருக்க வேண்டும். இரண்டு, வரவு செலவு நோட்டு. எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதட்டும். மூன்று, விற்கும் நாளில் அவள் அங்கே நிற்க வேண்டும்.

எல்லாரும் செய்துவிட்டோம் என்று பொய் சொல்ல மாட்டேன். மாடு வைத்திருக்கிற ஒன்பது பேரில் ஆறு பேர் அட்டையை மாற்றிவிட்டோம். மூன்று பேர் வீட்டில் இன்னும் சண்டைதான். அந்த வீடுகளுக்குக் குழுவாகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

2021-ல் ஒரு மாட்டை விற்க நானே சந்தைக்குப் போனேன். எங்க வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். தரகர் அவர் கையைத் தேடினார். "மாடு என்னோடது, என்கிட்ட பேசுங்கண்ணா" என்றேன். அவர் பழக்கத்தில் என் கையை நோக்கித் துண்டை நீட்டினார், பிறகு கூச்சப்பட்டு நின்றார். "துண்டு வேண்டாங்கண்ணா, வாயால சொல்லுங்க" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கை நடுங்கியது. ஆனால் விலை சத்தமாக வந்தது. 31,500. எங்க வீட்டுக்காரர் காதிலும் விழுந்தது, என் காதிலும் விழுந்தது. அன்றைக்கு ராத்திரி நோட்டில் எழுதினேன். யாருக்குப் போனது, எதுக்குப் போனது என்றும் எழுதினேன்.

அக்கா தங்கச்சிகளே, கடைசியாக ஒன்று மட்டும் கேட்கிறேன். இன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தண்ணி காட்டும்போது, அந்த மாட்டின் காது வில்லையைக் கொஞ்சம் பாருங்கள். அதில் பன்னிரண்டு இலக்க நம்பர் இருக்கும். அந்த நம்பருக்கு நேராக யார் பேர் பதிந்திருக்கிறது என்று கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். உங்கள் பேர் இல்லை என்றால் அடுத்த குழுக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். மற்றதை நாம எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.