துடைப்பம் பரம்பரைச் சொத்தல்ல!

(துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் நடந்த வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அருந்ததியர் வீட்டுப் பிள்ளை படித்து என்ன ஆகப் போகிறான் என்று சிலர் ஏளனமாகக் கேட்கிறார்கள். டாக்டராவான், என்ஜினீயராவான், ஆசிரியராவான் என்று நாம் பதில் சொல்கிறோம். இது வெறும் ஆசையல்ல. போராடிப் பெற்ற உரிமை.

தாழ்த்தப்பட்ட மக்களுக்குரிய 18 சதவிகிதத்திற்குள் அருந்ததியருக்கு 3 சதவிகிதம் உள் ஒதுக்கீடு கேட்டு வீதியில் இறங்கினோம். 2009-ல் சட்டம் வந்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2024 ஆகஸ்ட் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் பெஞ்சு, உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

மற்றத் தாழ்த்தப்பட்ட சகோதரர்களின் பங்கை நாம் பறித்துவிட்டோம் என்று மூட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பந்திக்கு வெளியே நின்றவனுக்கு இலை போடுவது பறிப்பாகுமா? இருவர் வயிற்றிலும் அடிப்பது காண்ட்ராக்ட் முறைதான்!

நிரந்தர வேலை இருந்தால்தான் ஒதுக்கீடு. காண்ட்ராக்டர் பிடிக்கும் ஆளுக்கு ஒதுக்கீடு ஏது? தாயின் கூலி இன்று இருந்து நாளை இல்லையென்றால், மகள் காலேஜ் படிப்பை எப்படி முடிப்பாள்? 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்து, ரிப்பன் மாளிகை முன்பு தொழிலாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீசார் அவர்களை அகற்றினார்கள். அங்கே உட்கார்ந்த தாய்மார்கள் தங்கள் கூலிக்காக மட்டுமா போராடினார்கள்? பிள்ளைகளின் படிப்புக்காகவும் போராடினார்கள்!

மனிதன் கையால் மலம் அள்ளுவதை 1993-லும் 2013-லும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஆனாலும் சாக்கடைக் குழியில் சாவு நிற்கவில்லை. 2023-ல் சுப்ரீம் கோர்ட் நஷ்ட ஈட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. நாம் கேட்பது பிணத்துக்கு விலையல்ல. குழிக்குள் இயந்திரம் இறங்கட்டும்! அந்த இயந்திரத்தை ஓட்டவும், பழுது பார்க்கவும், வடிவமைக்கவும் நம் வாலிபர்கள் நிரந்தரச் சம்பளத்தில் வரட்டும்!

வாலிபத் தோழர்களே! நாளையே வீடு வீடாகச் செல்லுங்கள். பள்ளியிலிருந்து நின்ற பிள்ளைகள் யார், ஜாதிச் சான்றிதழ் கிடைக்காதவர்கள் யார், ஸ்காலர்ஷிப் வராதவர்கள் யார் என்று கணக்கெடுங்கள். அந்தக் கணக்கோடு தாலுகா ஆபீசுக்குத் திரளாகப் போவோம். சங்கக் கட்டடத்தில் மாலை நேரப் பாடம் நடத்துவோம்.

துடைப்பத்தைப் பிடித்த கை கேவலமான கையல்ல. ஆனால் அந்தத் துடைப்பம் மகனுக்கும் மகளுக்கும் பரம்பரைச் சொத்தாக வேண்டியதில்லை. காண்ட்ராக்ட் முறை ஒழியட்டும்! நிரந்தர வேலை, கல்வி உரிமை ஓங்கட்டும்!