அல்லைப்பிட்டியில் சீனமும் போர்த்துக்கலும்

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தைத் தாண்டி, மண்டைதீவுச் சந்தியையும் விட்டு ஊர்காவற்றுறை வீதியில் போனால் வேலணைத் தீவில் எதிர்ப்படும் முதல் ஊர் அல்லைப்பிட்டி. பனையும் மணலும் பரவைக்கடலும் உள்ள சிற்றூர். சீனத்தின் சுவடு இந்த ஊரின் மணலுக்கு அடியிலும், போர்த்துக்கேயரின் சுவடு இதே வீதி முடியும் ஊர்காவற்றுறைக் கரையிலும் இருக்கின்றன.

இந்த இரு மரபும் கலந்த நகரம் என்று உலகம் அறிந்தது மக்காவு. சீனாவின் குவாங்டோங் கரையில் 1557இல் போர்த்துக்கேயர் அமர்ந்த துறைமுகம் அது. 1999இல் சீனாவிடம் திரும்பியது. எரிந்துபோன புனித பவுல் ஆலயத்தின் கல் முகப்பு மட்டும் அங்கே இன்றும் நிற்கிறது. அதில் சீன எழுத்துகளும் செதுக்கப்பட்டுள்ளன. அங்கே இரு மரபும் ஒரே சுவரில் சேர்ந்தே நிற்கின்றன. தீவகத்தில் இரண்டுக்கும் இடையே ஐந்நூறு ஆண்டுகள் கிடக்கின்றன.

முந்தியது சீனம். 1970களின் பிற்பகுதியில் பீங்கான் ஆய்வாளர் ஜோன் கார்ஸ்வெல் அல்லைப்பிட்டியில் அகழ்ந்தபோது சொங் அரச மரபுக் காலத்துச் சீனக் கலவோடுகள் கிடைத்தன. பிறகு 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தின் குழுவும் இலங்கை மத்திய கலாசார நிதியமும் சேர்ந்து மறுபடி தோண்டின. கிடைத்தவற்றின் காலம் 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியும் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கமும். அவற்றுள் குவாங்டோங் மாகாணத்துச் சூளைகளில் சுட்டவை உண்டு. மக்காவு பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, அதே கரையின் சட்டியும் கிண்ணமும் கப்பலேறி அல்லைப்பிட்டிக்கு வந்துவிட்டன.

அப்படி ஓர் ஓட்டை அருகில் வைத்துப் பார்ப்பது தனி இன்பம். நம் ஊர்ச் சட்டிப்பானையின் உடைந்த விளிம்பு சிவந்து, நுண்துளையோடு இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சிவிடும். சீன ஓட்டின் விளிம்பு வெளிறிய சாம்பல் நிறம், கல்லைப் போல இறுக்கம். தண்ணீர் அதில் இறங்காது. மேலே கண்ணாடிபோல் பளபளக்கும் மெருகு. கிண்ணத்தின் உட்புறத்தில், மண் ஈரமாக இருக்கும்போதே சீப்புப் பற்களால் இழுத்த வளைகோடுகள். அடியில் கால்வளையம் மட்டும் மெருகு இல்லாமல் விடப்பட்டிருக்கும். சூளையில் வைத்த இடத்தோடு மெருகு உருகி ஒட்டிவிடக் கூடாது என்பதற்காகக் குயவர் செய்த வேலை அது. பெயர் தெரியாத அந்தக் குயவரின் கைப்பக்குவம் ஒரு விரலளவுத் துண்டிலும் தெரிகிறது. நேயர்கள் யாராவது தோட்டம் கொத்தும்போது இப்படி ஒன்றைக் கண்டால் கிடந்த இடத்திலேயே விட்டுத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிப்பது நல்லது. இடம் தெரியாமல் போன ஓட்டிலிருந்து வரலாறு பாதிதான் கிடைக்கும்.

இந்தக் கலங்கள் வந்த கடல்வழிக்கு அயலிலேயே கல்லில் சான்று உண்டு. நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, பரதேசி வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து இறங்க வேண்டும் என்று கூறுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு; வேறு சரக்கானால் பாதிக்குப் பாதி. கரைதட்டும் கப்பலுக்கும் சட்டம் வகுக்கும் அளவுக்கு அந்தத் துறைமுகத்தில் வணிகம் நடந்திருக்கிறது. சிங்கள மன்னன் ஒருவன் அந்தச் சட்டத்தைத் தமிழில் வெட்டுவித்தான் என்பது, துறைமுகத்தில் எந்த மொழி வழங்கியது என்பதையும் காட்டுகிறது. பின்னர் 1409ஆம் ஆண்டிட்ட, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிக் கல்லைச் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்தார். 1911இல் காலியில் கண்டெடுத்த அந்தக் கல் இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை வீழ்த்தியது 1619இல். பண்ணைக் கரையில் அவர்கள் கட்டிய கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோண வடிவில் மாற்றிக் கட்டினார்கள். ஊர்காவற்றுறையில் முருகைக்கல்லால் எழுந்த ஊருண்டிக் கோட்டை இன்று சிதைந்த சுவர்களாக நிற்கிறது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே தண்ணீரில் நிற்கும் கடற்கோட்டையும் போர்த்துக்கேயருடையதே. ஒல்லாந்தர் அதற்கு இட்ட பெயர் ஹமன்ஹீல்.

கோட்டைகள் கைமாறின, போர்த்துக்கேயரின் கத்தோலிக்க சமயம் ஊரில் தங்கிவிட்டது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த நாளில், 1687இல், கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணம் வந்தார். அவர் சேர்ந்திருந்த ஒரத்தோரியன் சபையின் மூலவர் புனித பிலிப்பு நேரியார். அல்லைப்பிட்டித் தேவாலயம் அந்தப் பிலிப்பு நேரியார் பெயரில்தான் இருக்கிறது.

நேரம் இருப்பவர்கள் குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்கும் போகலாம். போர்த்துக்கேயர் காலத்துக் கோட்டையின் முருகைக்கல் சுவர்களும், வெளியில் மேயும் மட்டக்குதிரைகளும் அங்கே உண்டு. நயினாதீவுக்கும் அதே துறையில்தான் படகு. அல்லைப்பிட்டியைப் பேருந்தில் கடந்துபோகிறவர்கள் இறங்கிப் பார்க்கும்படி, அங்கே கிடைத்த ஓடுகளில் சிலவற்றையேனும் அந்த ஊரிலேயே ஒரு சிறு காட்சிக்கூடத்தில் வைக்க வேண்டும்.