பாவை பேசும் தமிழ்

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே செல்லும் சாலை கோபாலபுரத்தில் மாநில எல்லையைக் கடக்கிறது. சோதனைச் சாவடிக்கு அப்பாலும் தென்னந்தோப்புகளே. கடைவீதிப் பேச்சும் பெரும்பாலும் தமிழே. இப்பக்கத்து நீரும் அவ்வழியே போகிறது. ஆனைமலையில் பிறக்கும் ஆழியாறு சித்தூர்ப்புழையோடு சேர்ந்து பாரதப்புழையை அடைகிறது. அந்தப் பாரதப்புழையின் கரையில், ஷொர்ணூருக்கு அருகில், கூனத்தறை என்னும் ஊர் உண்டு. அங்கே வாழ்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவரைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

புலவர் என்றதும் தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரை நேயர்கள் எண்ணக்கூடும். அவர் வீட்டிற் பேசியது மலையாளம். ஆயினும் இரவெல்லாம் அவர் ஓதியது கம்பனின் பாட்டு. பாலக்காட்டுப் பகுதியின் பகவதி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக் கூத்தை ஆட்டுவோருக்குப் புலவர் என்பதே பட்டப்பெயர். முன்னாளில் தமிழகத்திலிருந்து குடியேறிய வணிகக் குடியினரும், அவர்களோடு நாயர்களும் இக்கலையை வளர்த்தனர். வந்தவர்கள் கொண்டுவந்த தமிழை உள்ளூரார் தமதாக்கிக்கொண்டனர் என்பதே இதன் வரலாற்றுச் சுருக்கம்.

கோயிலுக்கு எதிரே நெடிய கூத்துமாடம். வெள்ளைத் திரைக்குப் பின்னால், இரு பாதியாக உடைத்த தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்து ஏற்றிய 21 விளக்குகள் வரிசையாக எரியும். மான் தோலிற் செய்த பாவைகள் திரையில் நிழலாக எழும். காளி தாரிகனோடு பொருதுகொண்டிருந்தமையால் இராமன் இராவணனை வென்ற போரைக் காணவில்லை. அக்குறை தீர ஆண்டுதோறும் அவள் முன் ஆடப்படுகிறது என்பது ஐதிகம். ஆகவே பார்வையாளர் வராவிட்டாலும் கூத்து நிற்பதில்லை. பாயில் உறங்கும் நான்கைந்து பேருக்கு முன்னால், சில இரவுகளில் அவர்களும் இல்லாமல், விடியும்வரை நடக்கும். கோயிலுக்கேற்ப 7 இரவு, 14 இரவு, 21 இரவு என்று கணக்கு உண்டு. அதற்கு மேலும் நீளும் இடங்கள் உண்டு.

புலவர் ஒரு பாட்டை ஓதுவார். பின்பு அதன் பொருளை விரிப்பார். எதிர்ப்பாவையை ஏந்தியவர் ஐயம் எழுப்புவார். இராமனும் வீடணனும் இலக்கணத்திலும் சாத்திரத்திலும் வழக்காடிக்கொண்டிருக்க, போர் பொறுமையாகக் காத்திருக்கும்! விரிவுரை தமிழாயினும் மலையாளமும் வடமொழியும் தாராளமாகக் கலந்தது. செய்யுட்களைப் பலர் மலையாள எழுத்தில் எழுதிவைத்தே பயின்றனர். உச்சரிப்பிற் பிழை காணும் தமிழ்ப் பண்டிதர்கள் உண்டு. அப்பிழையை நாம் பெரிதாகக் கருதவில்லை.

ஏனெனில் கதை ஊர்விட்டு ஊர் போவது உலகெங்கும் காண்பதே. இராம கதை ஜாவாவுக்குச் சென்று வாயாங் நிழற்கூத்தில் ஜாவா மொழியில் நிலைத்தது. தமிழ்நாட்டிலேயோ, வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர் தமிழிற் பாவைக்கூத்து ஆட்டுகின்றனர். பாலக்காட்டில் கதையோடு கம்பனின் விருத்தமும் சொல்லோடு சொல்லாக வந்து தங்கிவிட்டது. வேறு மாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகள் அயல் எழுத்தில் தமிழ்ப் பாட்டை எழுதிப் பாடுவதைக் கண்டு மனம் நோகும் பெற்றோருக்கு இச்செய்தி உரியது.

1925 இல் பிறந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கலையைக் கோயில் வளாகத்துக்கு வெளியே எடுத்துச் சென்றார். பல இரவுக் கதையைச் சிறிது நேரத்துக்குச் சுருக்கி, பிற மாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் அயல்மொழியாளர் முன் ஆடினார். 1980 இல் சங்கீத நாடக அகாடமி விருது பெற்றார். ஜெர்மானியரான செல்ட்மன், அமெரிக்கரான ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் ஆகியோர் இக்கூத்தைப் பற்றி நூல்கள் எழுதினர். 2000 இல் அவர் மறைந்தபின் அவர் மகன் இராமச்சந்திரப் புலவர் அப்பணியைத் தொடர்ந்து, 2021 இல் பத்மஸ்ரீ பெற்றார். காந்தியடிகளின் கதையும் இயேசுவின் கதையும் திரைக்கு வந்தன. நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதாயிருந்த பாவை இப்போது அக்குடும்பத்துப் பெண்களின் கையிலும் ஆடுகிறது.

இதில் ஓர் இழப்பும் உண்டு. மேடைக்குச் சுருக்கும்போது முதலில் விழுவது பாட்டும் உரையுமே. அயல்நாட்டார் நிழலைக் கண்டு மகிழ்வர். கம்பனின் சொல்லை அவர்கள் கேட்கப்போவதில்லை. நன்றாகக் கற்ற புலவர் மணிக்கணக்கில் விரித்த வாதம் அங்கே சில வாக்கியங்களாகிவிடும். புலவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. காளி ஒருத்தியே கேட்க, காணிக்கையை நம்பி எத்தனை இளைஞர் பல ஆண்டுகள் பாட்டு நெட்டுருச் செய்வர்? அவர் வெளியே செல்லாவிட்டால், உள்ளே ஆடவும் ஆள் குறைந்திருக்கும். ஆயினும் மேடைக் கூத்தை மட்டும் கண்டவர் கூத்தைக் கண்டதாக எண்ணிவிடலாகாது.

விடுமுறைக்கு ஊர் திரும்பும் நேயர்கள், தை முதல் வைகாசி வரையுள்ள நாட்களில் பாலக்காட்டு வழியே சென்றால், கூனத்தறைக்கு அணித்தான கவளப்பாறை ஆரியங்காவு போன்ற கோயில்களில் கூத்து நாளை விசாரிக்கலாம். பின்னிரவில் செல்வது நலம். கூத்துமாடத்தின் முன் இடத்துக்குப் பஞ்சமிராது. பாய் மட்டும் கையோடு கொண்டுபோதல் வேண்டும்.