எடுத்தவர் யார்?



சென்ற தீபாவளிக்கு மறுநாள், என்னிடம் முன்னர் படித்த மாணவி ஒருத்தி தன் வீட்டுக்கு என்னை அழைத்திருந்தாள். ஈப்போவுக்குத் தெற்கே, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்து, இப்போது பாதி செம்பனையாகவும் பாதி தாமானாகவும் மாறிவிட்ட ஓர் இடம் அது. அந்தப் பெண் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழி படிக்கிறாள். தோட்டப் பள்ளியில் படித்த பிள்ளை ஸ்பானியமா என்று வியக்காதீர்கள். நம் பிள்ளைகள் எதையும் படிக்கிறார்கள்.

முறுக்குத் தட்டை என் முன்னே வைத்துவிட்டு, தன் குறிப்பேட்டையும் கொண்டுவந்து வைத்தாள். பக்கம் பக்கமாகக் கட்டம் போட்ட அட்டவணைகள். "பாருங்க சார், ஒரே ஒரு வினைச்சொல்லுக்கு இவ்வளவு வடிவம். இதை எப்படி மனப்பாடம் செய்வது?" என்றாள்.

அவள் காட்டிய சொல் 'தோமார்'. எடுத்தல் என்று பொருள். ஸ்பானிய வினைச்சொற்கள் 'ஆர்', 'ஏர்', 'ஈர்' என்று மூன்று விதமாக முடியும். ஆர் என்று முடிவதுதான் பெரிய கூட்டம். அதில் ஒழுங்காக நடக்கும் ஒன்றைக் கற்றுக்கொண்டால் மற்றவற்றையும் அதே அச்சில் வார்த்துவிடலாம். கடைசியில் உள்ள ஆர் என்பதை நீக்கினால் 'தோம்' நிற்கும். அதோடு ஒட்டுவதுதான் ஆளைக் காட்டும். நான் எடுக்கிறேன் என்றால் தோமோ. நீ எடுக்கிறாய், தோமாஸ். அவனோ அவளோ எடுத்தால் தோமா. நாங்கள், தோமாமோஸ். நீங்கள், தோமாயிஸ். அவர்கள், தோமான். ஆக ஆறு.

இறந்தகாலத்துக்கு வேறு ஆறு. எடுத்தேன், தோமே. எடுத்தாய், தோமாஸ்தே. எடுத்தான், தோமோ. "இது முன்னமே வந்ததே?" என்று கேட்டேன். "எழுத்து ஒன்றுதான் சார், அழுத்தம் வேறு" என்றாள். முன்னெழுத்தை அழுத்திச் சொன்னால் 'நான் எடுக்கிறேன்'. பின்னெழுத்தை அழுத்தினால் 'அவன் எடுத்தான்'. அழுத்தம் இடம் மாறியதும் ஆளும் மாறுகிறான், காலமும் மாறுகிறது. எதிர்காலத்துக்குத் தோமாரே, தோமாராஸ், தோமாரா என்று இன்னொரு வரிசை. அப்புறம், 'நீ எடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன்' என்பது போல, நடந்ததைச் சொல்லாமல் நடக்க வேண்டியதைச் சொல்லும்போது தோமாஸ் என்பது தோமேஸ் ஆகிவிடும். இதைத்தான் இலக்கண ஆசிரியர்கள் வினையின் நோக்கு என்பார்கள்.

பெண்ணின் பாட்டி மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். நான் அவர் பக்கம் திரும்பி, "பாட்டி, தட்டில் முறுக்குக் குறைகிறதே, யார் எடுத்தது?" என்று கேட்டேன்.

பாட்டி உலக்கையை நிறுத்தாமலே சொன்னார்: "சின்னவன் ரெண்டு எடுத்தான். இதோ இவ ஒண்ணு எடுத்தா. தாத்தாவும் எடுத்தாரு. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க வந்து எடுத்தாங்க. கீழ விழுந்தத பூனை எடுத்துச்சு. நான் ஒண்ணுமே எடுக்கல சாரு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அட்டவணை அவளுக்குக் கண்ணில் பட்டுவிட்டது. ஆண், பெண், மதிப்புக்குரியவர், பலர், அஃறிணை என்று ஐந்து கட்டத்தையும் பாட்டி ஒரே மூச்சில் நிரப்பிவிட்டார். ஸ்பானியத்தில் அவனுக்கும் அவளுக்கும் பூனைக்கும் ஒரே 'தோமோ'தான். தமிழில் பூனை தனி, பேரன் தனி.

நேயர்களே, நன்னூல் செய்த பவணந்தி முனிவர் ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு உறுப்பாகப் பிரித்துக் காட்டினார். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 'எடுத்தேன்' என்பதில் எடு என்பது பகுதி, அதாவது அடிமரம். அதை அடுத்த த் சந்தி. அடுத்த த் இறந்தகாலம் காட்டும் இடைநிலை. ஏன் என்பது விகுதி. அது ஆளைக் காட்டும். நடுவில் இருக்கும் காலத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்: எடுக்கிறேன், எடுப்பேன். நம் தோட்டத்துச் சொல்லையே எடுத்துக்கொள்வோமே. சீவினேன், சீவுகிறேன், சீவுவேன். முன்னே தொழில், நடுவே காலம், பின்னே ஆள். ஸ்பானியத்தில் பெரும்பாலும் காலமும் ஆளும் ஒன்றாகக் கலந்து ஒட்டிக்கொள்ளும், பிரிப்பது கடினம். தமிழில் மூன்று பெட்டியும் தனித்தனியாக நிற்கும். இதனால்தான் இரண்டு மொழியிலும் 'நான்' என்று சொல்லாமலே பேச முடிகிறது. "எடுத்தேன்" என்றால் போதும், கேட்பவருக்கு ஆள் தெரிந்துவிடும்.

எல்லா இடத்திலும் தமிழே கூடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. 'நடக்கட்டும்' என்று விரும்பும் நோக்கில் ஸ்பானியம் ஆளுக்கு ஆள் மாறும். நம் வியங்கோள் மாறாது. பள்ளி விழாவில் தோரணத்தில் எழுதும் 'வருக' என்பது ஒருவருக்கும் அதுதான், ஊருக்கும் அதுதான். பாட்டி கடைசியாகச் சொன்ன 'எடுக்கல' என்பதையும் கவனியுங்கள். நான் எடுக்கவில்லை, அவன் எடுக்கவில்லை, பூனை எடுக்கவில்லை. அங்கே ஆள் இல்லை. என் வகுப்பில் இந்தச் சொல்லில் மட்டும் எந்தப் பிள்ளையும் தவறு செய்வதில்லை.

மலாய் மொழியில் எல்லா வினையும் ஏறக்குறைய இப்படித்தான். அம்பில் என்றால் எடு. சாயா அம்பில், டியா அம்பில், மெரேக்கா அம்பில். சொல் அசையாது. காலம் வேண்டுமானால் சூடா என்றோ, செடாங் என்றோ, ஆக்கான் என்றோ முன்னே ஒரு சொல்லை வைத்தால் முடிந்தது. எளிது என்பதால் ஏழ்மை என்று நினைக்கக்கூடாது. மலாய் தன் செல்வத்தைச் சொல்லின் முன்பக்கத்தில் வைத்திருக்கிறது. மெங்அம்பில் என்றால் எடுப்பது, டிஅம்பில் என்றால் எடுக்கப்படுவது, தெர்அம்பில் என்றால் அறியாமல் எடுத்துவிடுவது. அந்த மூன்றாவதைத் தமிழில் சொல்ல நமக்கு இரண்டு சொல் வேண்டும். மலாயில் நன்றாக எழுதும் மாணவனுக்குத் தமிழ் விகுதி தடுமாறினால், அவன் மந்தமானவன் அல்லன். ஒரு மொழியின் பழக்கத்தை இன்னொன்றுக்குக் கொண்டுவருகிறான்.

விகுதி உதிர்ந்துபோவதும் உண்டு. அதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1511ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். போர்த்துகீசியம் ஸ்பானியத்தின் உடன்பிறந்த மொழி. அதிலும் எடுத்தல் தோமார்தான், அதற்கும் இதே போன்ற அட்டவணைதான். அந்த நூற்றாண்டின் நடுவில், முத்துக்குளித்துறையில் இருந்த ஹென்ரிக்கஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் தமிழ் கற்று, தமிழ் வினைகளை இலத்தீன் முறையில் வரிசைப்படுத்தி ஓர் இலக்கணமே எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தந்த நூல்தான். அங்கே ஒரு போர்த்துகீசியர் நம் விகுதிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எழுதிக்கொண்டிருந்தார். இங்கே மலாக்காவில் அவருடைய மொழி தன் விகுதிகளை உதிர்த்துக்கொண்டிருந்தது.

மலாக்காவில் போர்த்துகீசிய வழியினர் பேசும் மொழிக்குக் கிறிஸ்தாங் என்று பெயர். அதில் தோமாஸ், தோமாமோஸ், தோமான் எதுவும் கிடையாது. தோமா ஒன்றுதான். யோ ஜா தோமா, நான் எடுத்தேன். யோ தா தோமா, எடுத்துக்கொண்டிருக்கிறேன். யோ லோகு தோமா, எடுப்பேன். ஆள் மாறினாலும் தோமா அசையாது. மலாய் நடப்பது போலவே நடக்கிறது. அதுவும் முழுமையான மொழிதான். அதில் பாடவும் சண்டை போடவும் முடியும். நம் அண்டை வீட்டு மலையாளத்தையே பாருங்களேன். ஞான் எடுத்து, அவன் எடுத்து என்று அதுவும் ஆள் விகுதியை விட்டுவிட்டது. மலையாளத்துக்கு இலக்கியம் குறைந்தா போயிற்று?

ஆனால் மலாக்காவில் இன்னொரு வீடும் இருக்கிறது. காஜா பெராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள் சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்த தமிழரின் வழியினர். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் அவர்களுடையது. சமயமும் சடங்கும் இன்றும் நிற்கின்றன. வீட்டு மொழி மலாய் வழியில் போய்விட்டது. விகுதி மட்டுமல்ல, பகுதியும் போயிற்று. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன உரிமை? சில நூறு ஆண்டுகள் இந்த மண்ணில் நின்றவர்கள் அவர்கள். நாம் வந்து எத்தனை தலைமுறை ஆயிற்று என்று எண்ணிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

இனி என் வகுப்புக்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டில் ஒரு பையன் "அம்மா கடைக்குப் போனது" என்று எழுதினான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மாவைப் பூனையோடு சேர்த்துவிட்டானே! நான் அவன் தாயாரை வரச்சொன்னேன். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, கண்ணெல்லாம் தூக்கம். "வீட்டில் தமிழ்தான் சார் பேசுறோம்" என்றார். உண்மைதான். "என்னம்மா பேசுகிறீர்கள்?" என்று கேட்டேன். யோசித்துச் சொன்னார்: "எழுந்திரு, குளி, சாப்பிடு, பாடத்தைச் செய், டிவியை அடை, தூங்கு."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அவர் சொன்ன ஆறும் ஏவல். ஒருமை ஏவலில் விகுதி இல்லை. பகுதி மட்டும்தான் நிற்கும். நாளெல்லாம் ஏவலையே கேட்கும் பிள்ளை காதில் எடு விழும், எடுத்தாள் விழாது. தமிழ் பேசும் வீட்டிலேயே அவன் பாதித் தமிழைத்தான் கேட்கிறான். இதில் அந்தத் தாயின் குற்றம் என்ன? இரவு வேலை முடிந்து வருபவருக்குக் கதை சொல்ல ஏது தெம்பு?

என் அம்மாவும் மரம் சீவியவர்தான். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் நிறுத்துவிட்டு வீடு திரும்புவார். மாலையில் லயத்து வாசலில் அமர்ந்து பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் அன்றைய நாளைச் சொல்லுவார். கங்காணி கத்தினார், மழை வந்தது, மங்கில் இருந்த பால் கரைந்தது, இவள் வழுக்கி விழுந்தாள், நாங்கள் தூக்கினோம் என்று. நான் காலடியில் உட்கார்ந்திருப்பேன். பயிற்சிக் கல்லூரியில் வினைமுற்று என்ற பாடம் வந்தபோது எனக்குப் புதிதாக இருந்தது அதன் பெயர் மட்டும்தான். இன்று லயமும் இல்லை, வாசலும் இல்லை. தாமானில் கதவு சாத்திக் கிடக்கிறது.

அந்தத் தாயாரிடம் நான் புத்தகம் எதுவும் வாங்கச் சொல்லவில்லை. "சோறு பிசைந்து கொடுக்கும்போது, இன்று வேலையில் யார் என்ன செய்தார் என்று சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். முடியாத நாளில் அவன் பாட்டியைச் சொல்லச் சொல்லுங்கள்" என்றேன். 'அம்மா எடுத்தார்கள்' என்று அவன் எழுதினால் நான் சிவப்புக் கோடு போடுவதில்லை. ஏட்டுக்கு 'எடுத்தார்' போதும் என்பது எனக்கும் தெரியும். 'அம்மா எடுத்தாங்க' என்று வீட்டில் மரியாதையாகக் கேட்ட பிள்ளை அது. திருத்த இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து அவன் ஏட்டில் இப்படி இருந்தது: "பாட்டி மரம் சீவினார். மழை வந்தது. பால் கொட்டினது. பாட்டி அழுதார். தாத்தா திட்டினார். நான் அப்போது இல்லை."