ஏற்றத்தாழ்வு நாட்டுக்கு நாடு வேறுபடுவது ஏன்?



செல்வர் சிலரும் வறியோர் பலரும் இருப்பது உலக இயற்கை என்று நம் முன்னோர்க்குச் சொல்லப்பட்டது; தலைவிதி என்றும் கூறினர். இயற்கையாயின் எந்நாட்டிலும் அஃது ஒரே அளவில் இருத்தல் வேண்டும் அன்றோ? அவ்வாறில்லை. பிரேசிலையும் தென்கொரியாவையும் எடுத்துக்கொள்வோம்.

பிரேசில் 1888-இல் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்றோர்க்கு ஒரு காணி நிலமும் தரப்படவில்லை. அரசு நிலத்தை விலை கொடுத்தே பெறலாம் என்று 1850-ஆம் ஆண்டுச் சட்டம் முன்னரே விதித்திருந்தது. கையில் காசில்லாதவர் எங்கே போவர்? பண்ணைக் கூலிகளாகவே பலர் நின்றனர். எழுத்தறியாதோர்க்கு 1985 வரை வாக்குரிமையும் இல்லை. நிலமில்லாதவர்க்குப் பள்ளி எட்டவில்லை. பள்ளி எட்டாதவர்க்கு வாக்கில்லை. வாக்கில்லாதவர் நிலம் கேட்க வழியில்லை. இச்சுழலை இந்த அவைக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

தென்கொரியாவிலும் குத்தகை உழவர் விளைச்சலில் ஏறத்தாழப் பாதியை நிலவுடைமையாளர்க்கு அளந்து வந்தனர். 1950-இல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம், ஒரு குடும்பம் ஏறத்தாழ ஏழரை ஏக்கருக்கு மேல் வைத்திருத்தலாகாது என்றது. எஞ்சியது உழுதவர்க்கு வந்தது. விலை, ஓராண்டு விளைச்சலில் ஒன்றரை மடங்கு, ஐந்தாண்டுத் தவணை. வடகொரியா 1946-லேயே நிலத்தைப் பகிர்ந்தளித்ததைக் கண்ட அச்சமும் இதற்கு ஒரு காரணம். ஆள்வோர் கருணையால் மட்டும் நிலம் கைமாறுவதில்லை. நிலம் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். பின்னர் ஆலைகள் எழுந்தபோது உழவர் வீட்டுப் பிள்ளைகளும் படித்தவராய் இருந்தனர்.

நாடு வளர்ந்தால் இடைவெளி தானே குறையும் என்போர் உளர். சைமன் குஸ்நெட்ஸ் என்னும் பொருளியல் அறிஞர் 1955-இல் ஏறத்தாழ அவ்வாறே எழுதினார். அதில் ஊகமே மிகுதி என்று ஒப்புக்கொண்டவரும் அவரே. அந்த ஒப்புதலைப் பலர் மறந்தனர். அமெரிக்காவில் மேல்தட்டுப் பத்து விழுக்காட்டினர் 1920-களின் இறுதியில் நாட்டு வருவாயில் ஏறத்தாழப் பாதியைப் பெற்றனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது மூன்றில் ஒரு பங்காயிற்று. 1980-க்குப் பின் மீண்டும் பாதியை நெருங்கியது. நாடு வளர்ந்துகொண்டேதான் இருந்தது! ஆனால் வருமான வரியின் உச்ச வீதம் 1950-களில் 91 விழுக்காடு; 1988-இல் 28. தொழிற்சங்கங்களும் தேய்ந்தன. பிரேசிலிலோ 2001-க்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேல் இடைவெளி சுருங்கியது; குறைந்தபட்சக் கூலி உயர்ந்தது, பள்ளிக் கல்வி பரவியது, ஏழைக் குடும்பங்களுக்கு 2003 முதல் ‘போல்சா ஃபமிலியா’ உதவித்தொகை கிடைத்தது. கொரியாவையும் புகழ்ந்துகொண்டே இருக்க இயலாது. 1997 நெருக்கடிக்குப் பின் அங்கே நிரந்தரத் தொழிலாளர் ஒரு புறமும் தற்காலிகத் தொழிலாளர் மறு புறமும் ஆயினர்.

நிலச்சட்டம் என்றதும் நம் கணக்கும் நினைவுக்கு வருகிறது. செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்நிலம் பிறர்க்குப் போகலாகாது என்பது நிபந்தனை. போயிற்று. 1994-இல் காரணை நிலத்திற்காகப் போராடியோர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்தனர்.

இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறோம். தத்தம் ஊரின் அ-பதிவேட்டைப் பாருங்கள். பஞ்சமி நிலம் எந்தச் சர்வே எண்களில் உள்ளது, பட்டா இன்று யார் பெயரில் உள்ளது என்று குறித்து வாருங்கள். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அக்குறிப்புகளை ஒவ்வொன்றாய்ப் படிப்போம்.